பாட்டுத் தகடு எழுதுவோர் கேட்ட கேள்விகள்

சென்ற இதழில் பழைய கேசட்டுகளைக் குறுந்தகட்டுக்கு மாற்றுவது பற்றி நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். தருமபுரியில் பல ஆண்டுகள் ஒலிப்பதிவுக் கடை நடத்தியவன் என்ற முறையில், இவற்றுள் பெரும்பாலான கேள்விகளை என் கடை வாசலிலேயே கேட்டிருக்கிறேன். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது நின்று விளக்க நேரம் இருந்ததில்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.

கேள்வி: கோயில் திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் தொழில் செய்கிறேன். அம்மன் பாடல்கள் 150-ஐ ஒரே குறுந்தகட்டில் எழுதினேன். கணினியில் எல்லாம் நன்றாகப் பாடுகின்றன. என்னிடம் உள்ள பழைய பிளேயரில் வைத்தால் தகடே இல்லை என்று காட்டுகிறது. தகடு கெட்டதா, பிளேயர் கெட்டதா?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: தகடும் கெடவில்லை, பிளேயரும் கெடவில்லை. நீங்கள் எழுதியது பாட்டுத் தகடு அன்று. பாட்டுக் கோப்புகளைச் சுமக்கும் தரவுத் தகடு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால்தான் இத்தனை குழப்பமும் வருகிறது.

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் கூடிப் பேசி 1980-இல் ஒலிக் குறுந்தகட்டுக்கான விதிகளை வகுத்தன. அந்த விதித்தொகுப்பின் அட்டை சிவப்பாக இருந்ததால் சிவப்புப் புத்தகம் என்பதே அதன் பெயராக நிலைத்தது. அதன்படி செய்யப்பட்ட முதல் பிளேயர் 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தகட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர், ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்க வேண்டும், ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக எழுத வேண்டும், இடம், வலம் என இரு ஒலித்தடங்கள் இருந்தே ஆக வேண்டும், ஒரு தகட்டில் 99 பாடல்களுக்கு மேல் கூடாது, எந்தப் பாடலும் 4 நொடிக்குக் குறையக் கூடாது. இவ்வளவு கறாரான ஏற்பாட்டில் கோப்பு, கோப்புறை, கோப்பின் பெயர் என்பவற்றுக்கு இடமே இல்லை. தகட்டின் உள்விளிம்பில் பொருளடக்கம் போன்ற ஒரு பகுதி இருக்கும். எத்தனையாவது பாடல், எத்தனையாவது நிமிடத்தில், எத்தனையாவது நொடியில், அந்த நொடியை 75 பங்காக்கினால் எந்தப் பங்கில் தொடங்குகிறது என்பதை அதிலிருந்து படித்துக்கொண்டு, பிளேயர் அந்த இடத்துக்குப் போய் நிற்கும். அதன் பிறகு வரும் எண்களை வந்த வரிசையில் ஒலியாக்குவது ஒன்றே அதற்குத் தெரிந்த வேலை.

தரவுத் தகடு மூட்டைகளை அடுக்கிய கிடங்கு போன்றது. எந்த மூட்டை எங்கே என்று பேரேட்டைப் பார்த்து எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். ஒலித் தகடோ மதகு திறந்த வாய்க்கால் போன்றது. மடையில் நின்றால் தண்ணீர் தானே வரும். உங்கள் பழைய பிளேயருக்கு மடையில் நிற்கத் தெரியும், பேரேடு படிக்கத் தெரியாது. நீங்கள் கொடுத்த தகட்டின் பொருளடக்கத்தில் ‘இது ஒலி அன்று’ என்னும் குறி இருந்திருக்கும். அதைக் கண்டதும் பிளேயர் விலகிக்கொண்டது.

எழுதும் மென்பொருளில் ‘டேட்டா சி.டி.’ என்பதைத் தேர்ந்தெடுக்காமல் ‘ஆடியோ சி.டி.’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது உங்கள் எம்.பி.3 கோப்புகளை விரித்து, விதிப்படியான எண்களாக்கி எழுதும். ஒரு தகட்டில் 80 நிமிடம்தான் அடங்கும். பாடலுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் 17 பாடல்கள். உங்கள் 150 பாடல்களுக்கு 9 தகடுகள் ஆகும். எழுதி முடித்தபின் ‘ஃபைனலைஸ்’ செய்ய மறக்க வேண்டாம். அதைச் செய்யும்வரை உள்விளிம்பின் பொருளடக்கம் எழுதப்படுவதில்லை. எழுதிய டிரைவில் பாடும் தகடு வேறெங்கும் பாடாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஒன்பது தகடு சுமப்பதைவிட எம்.பி.3 படிக்கும் புதுப் பிளேயர் வாங்குவது எளிது என்று உங்களுக்குத் தோன்றலாம். அதில் தவறில்லை. ஆனாலும் எந்த ஊர்க் கோயிலில் எந்தக் காலத்துப் பிளேயர் இருந்தாலும் நம்பி வைக்கக்கூடியது சிவப்புப் புத்தக விதிப்படி எழுதிய தகடுதான் என்பது என் அனுபவம். ஆடித் திருவிழாக் கூட்டத்தின் நடுவே சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

கேள்வி: பள்ளி ஆண்டு விழாப் பாடல்களை வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்புகளாக வைத்திருக்கிறேன். மொத்தம் 780 மெகாபைட். தகட்டின் மேல் 700 மெகாபைட் என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் மென்பொருள் இடம் போதும் என்கிறது. எதை நம்புவது?
– ஆசிரியை, பாலக்கோடு

பதில்: மென்பொருளை நம்புங்கள். ஒலித் தகட்டை மெகாபைட்டால் அளக்கவே கூடாது. நிமிடத்தால் அளக்க வேண்டும். ஒலிக்கு நொடிக்கு 1,76,400 பைட் செலவாகிறது. அந்தக் கணக்கில் உங்கள் 780 மெகாபைட் 77 நிமிடம் 16 நொடி ஆகிறது. 80 நிமிடத் தகட்டில் அது தாராளமாக அடங்கும்.

அச்சிட்ட எண் ஏன் வேறாக இருக்கிறது என்பது அறிந்துகொள்ளத்தக்க செய்தி. தகட்டின் ஒரு நொடி நீளம் 75 செக்டார்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; 80 நிமிடத்துக்கு 3,60,000 செக்டார்கள். ஒவ்வொரு செக்டாரிலும் 2,352 பைட் இடம் உண்டு. ஒலி எழுதும்போது அத்தனையும் ஒலிக்கே போகிறது. தரவு எழுதும்போது 2,048 பைட் மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. மீதி 304 பைட்டில் அடையாளக் குறியும் முகவரியும் கூடுதல் பிழைதிருத்தக் குறிகளும் எழுதப்படுகின்றன. அச்சிட்ட 700 என்பது 2,048-ஐக் கொண்டு போட்ட கணக்கு. அதே தகடு ஒலிக்கு ஏறத்தாழ 807 மெகாபைட் கொள்ளும்.

ஒலிக்கு அந்தக் கூடுதல் காவல் ஏன் தேவைப்படவில்லை என்று கேட்கலாம். ஒலியெண்களையும் காவலின்றி விட்டுவிடவில்லை. 24 பைட் ஒலிக்கு 8 பைட் திருத்தக் குறிகளைச் சேர்த்து, அடுத்தடுத்த எண்களைத் தள்ளித் தள்ளி எழுதும் முறை சிவப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு கீறல் தொடர்ச்சியாக இரண்டரை மில்லிமீட்டர் நீளத்தை அழித்தாலும் சிதறி எழுதிய எண்களிலிருந்து அதை முழுமையாக மீட்டுவிட முடியும். அதையும் மீறி ஓர் எண் தொலைந்துபோனால், பிளேயர் முன் எண்ணையும் பின் எண்ணையும் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்து வைத்துக்கொள்ளும். நொடியில் 44,100-இல் ஒரு பங்கைக் காது கண்டுபிடிக்காது. கணக்குப் பதிவேட்டில் ஓர் எண்ணை அப்படி ஊகித்து எழுத முடியுமா? ஆகவேதான் தரவுக்கு இரட்டைக் காவல்.

கேள்வி: 44,100 என்பது என்ன கணக்கு? 40,000 என்றோ 45,000 என்றோ முழு எண்ணாக ஏன் வைக்கவில்லை?
– கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: ஓர் ஒலியைச் சிதையாமல் எண்களாக்க வேண்டுமானால், அதிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் அதிகமான முறை நொடிக்கு அளக்க வேண்டும். மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே 40,000-க்கு மேல் போக வேண்டும். எல்லைக்கு மேற்பட்ட அதிர்வுகளை வடிகட்டும் சுற்றுக்குச் சற்று இடமும் விட வேண்டும்.

மிச்சத்தை முடிவு செய்தது வீடியோ நாடா. 1970-களின் இறுதியில் இவ்வளவு எண்களைப் பதிந்து வைக்கக்கூடிய கருவியாக வீடியோ ரெக்கார்டரே கைக்கெட்டியதாக இருந்தது. ஒலியெண்களைக் கருப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கிப் படம் போலவே அதில் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 எண்கள், பயன்படும் வரிகள் 245, நொடிக்கு 60 புலங்கள் (அரைப் படங்கள்): பெருக்கினால் 44,100. நம் நாட்டில் வழங்கும் 50 புல முறையில் 294 வரிகளைக் கொண்டு பெருக்கினாலும் அதே 44,100 வருகிறது. இரு முறைகளுக்கும் பொருந்தி வந்த அந்த எண்ணே பின்னர் தகட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஒரு முறை காகிதத்தில் பெருக்கிப் பாருங்கள். எனக்கு இது முதன்முதலாக விளங்கிய நாளில் உண்டான மகிழ்ச்சி உங்களுக்கும் உண்டாகும்.

கேள்வி: எங்கள் தந்தையார் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டியவர். விடிய விடிய நடந்த கூத்தை 90 நிமிடக் கேசட்டுகள் எட்டில் பதிந்து வைத்திருக்கிறோம். அவர் குரலாக எங்களிடம் இருப்பது அவ்வளவுதான். முதல் கேசட்டைக் கணினியில் ஏற்றி, பாட்டுப் பாட்டாக வெட்டித் தகட்டில் எழுதினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே இரண்டு நொடி அமைதி வந்துவிடுகிறது. மத்தளம் பாதியில் அறுபடுவதைக் கேட்க மனம் ஒப்பவில்லை. இடைவெளியை எடுத்துவிட்டு எழுதினாலும் வெட்டிய இடங்களில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது.
– வாசகி, பென்னாகரம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூத்து என்பது தனித்தனிப் பாட்டுகளின் தொகுப்பு அன்று. பாட்டு வசனத்துக்குள் கரைந்து, வசனம் தாளத்துக்குள் ஏறி, இரவு முழுவதும் ஒரே ஓட்டமாகப் போவது. அதை அறுக்காமல் தகட்டுக்குக் கொண்டுவர முடியும்.

முதலில் அந்த இரண்டு நொடி. தகடு எழுதுவதில் இரு வழிகள் உண்டு. ‘டிராக் அட் ஒன்ஸ்’ என்ற வழியில் ஒவ்வொரு பாடல் முடிந்ததும் லேசர் நின்று, அடுத்த பாடலுக்கு மீண்டும் தொடங்குகிறது. அதனால் பாடல்களுக்கு இடையே வழக்கமாக 2 நொடி இடைவெளி விழுகிறது. ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ என்ற வழியில் முதல் நொடி முதல் கடைசி நொடி வரை லேசர் நிற்பதேயில்லை. இடைவெளி வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்து, பாடல்களுக்கிடையே உள்ள இடைவெளியைச் சுழியமாக வையுங்கள். முதல் பாடலுக்கு முன்னால் உள்ள 2 நொடி மட்டும் விதிப்படி இருந்தே தீரும். அதனால் கூத்துக்குக் கேடில்லை.

அடுத்தது அந்த ‘டிக்’. இதைப் பலர் தகட்டின் குறை என்று எண்ணி விலை கூடிய தகடுகளை வாங்கிப் பார்க்கிறார்கள். குறை வெட்டிய இடத்தில் இருக்கிறது. தகட்டில் ஒரு பாடல் செக்டாரின் தொடக்கத்தில்தான் தொடங்க முடியும், செக்டாரின் முடிவில்தான் முடிய முடியும். ஒரு செக்டார் என்பது நொடியில் 75-இல் ஒரு பங்கு. அதில் 588 அளவுகள் இருக்கும். நீங்கள் வெட்டிய துண்டு 588-ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால், கடைசிச் செக்டாரில் எஞ்சும் இடத்தை மென்பொருள் வெறும் சுழியங்களால் நிரப்பிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மத்தள ஒலி சட்டென்று சுழியத்துக்கு விழுந்து, மீண்டும் எழும்போது கேட்பதுதான் அந்த ‘டிக்’. ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் நேரத்தைக் காட்டும் முறையை நொடிக்கு 75 ஃபிரேம்கள் கொண்ட சி.டி. கணக்குக்கு மாற்றி, வெட்டுகள் அந்தக் கோடுகளிலேயே விழும்படி அமைத்துக்கொண்டால் மீதி எதுவும் நிற்காது. இரு துண்டுகள் சேரும் இடம் காதுக்குத் தெரியாது.

நீங்கள் கேட்காத சிலவற்றையும் சொல்ல விரும்புகிறேன். 90 நிமிடக் கேசட் 80 நிமிடத் தகட்டில் அடங்காது. கடைசிப் பத்து நிமிடத்தை வெட்டிவிட்டுக் கொடுத்த கடைகளை நான் அறிவேன். அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் தந்தையார் பேசியிருக்கக்கூடும். கேசட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு தகடு என்று 16 தகடுகளாக எழுதுங்கள். அல்லது எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்துவிட்டு, கதை இடைவெளி விடும் இடம் பார்த்துத் தகட்டை மாற்றுங்கள். அன்று ஒரே மைக்கில் மோனோவாகப் பதிந்தது என்பதால் பாதி இடம் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். ஒலித் தகட்டில் இரு தடங்களும் எப்போதும் எழுதப்படும், ஒரே ஒலி இரண்டிலும் இருக்கும்.

கேசட்டை ஓட்டுவதற்கு முன் டேப் ரெக்கார்டரின் ஹெட்டைச் சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். பழைய நாடா இன்னும் எத்தனை முறை ஓடும் என்று சொல்ல முடியாது. ஆகவே முதல் ஓட்டத்திலேயே சரியாகப் பதிய வேண்டும். பதியும் அளவை உச்ச ஒலியிலும் சிவப்பைத் தொடாதபடி வையுங்கள். நாடாவில் சற்று மீறினால் ஒலி மெல்லக் கரகரக்கும். எண்ணில் மீறினாலோ அலையின் தலையே அறுந்துபோகும், அதைப் பின்னால் யாராலும் ஒட்டவைக்க முடியாது. ஆரம்பத்திலிருந்தே 44,100 என்ற அளவில் வேவ் கோப்பாகப் பதிந்து, இரைச்சலை நீக்குவதையும் வெட்டுவதையும் அதன் நகலில் மட்டும் செய்யுங்கள். எட்டுக் கேசட்டுகளும் சேர்ந்து ஏழரை ஜிகாபைட் அளவுக்குத்தான் வரும். இரண்டு பென் டிரைவ்களில் ஏற்றி இரண்டு வீடுகளில் வையுங்கள். தகடு கேட்பதற்கு, மூலப் பதிவு காப்பதற்கு.

கேள்வி: எம்.பி.3 பாடல்களை ஆடியோ சி.டி.யாக எழுதினால் ஒலித்தரம் கூடும் என்கிறார்களே? கச்சேரி வீடியோவிலிருந்து எடுத்த ஒலியையும் எழுதலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: தரம் கூடாது. குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் ஓடுகிறது. 128 கிலோபிட் எம்.பி.3 அதில் 11-இல் ஒரு பங்கு. காது கவனிக்காது என்று கருதப்பட்ட பகுதிகளைக் களைந்தே அது சுருக்கப்பட்டது, களைந்தது களைந்ததுதான். விரித்து எழுதினால் பழைய பிளேயரில் பாடும், அவ்வளவே.

வீடியோவின் ஒலி பெரும்பாலும் நொடிக்கு 48,000 அளவுகளாக இருக்கும். அதை 44,100-ஆக முறைப்படி மாற்றிய பின்னரே எழுத வேண்டும். நல்ல மென்பொருள் தானே மாற்றிவிடும். மாற்றாமல் எழுதப்பட்டால் பாட்டு எட்டு சதவீதம் மெதுவாக, சுருதி ஏறத்தாழ முக்கால் கட்டை இறங்கிக் கேட்கும். பாடகரின் குரல் தடித்துவிட்டதாகத் தோன்றினால் இதைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: அழித்து எழுதும் தகட்டில் எழுதினால் எங்கள் வீட்டு பிளேயர் படிக்க மறுக்கிறது. ஏன்?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: சாதாரணத் தகடு தன்மேல் விழும் லேசர் ஒளியில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அழித்து எழுதும் தகடு 15 முதல் 25 சதவீதம் வரைதான் அனுப்பும். பழைய பிளேயரின் கண்ணுக்கு அந்த மங்கல் ஒளி போதாது. ஒருமுறை மட்டும் எழுதும் தகட்டையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: ‘மியூசிக்’ என்று அச்சிட்ட வெற்றுத் தகடு கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. அதில் ஒலி நன்றாக இருக்குமா?
– வாசகர், அரூர்

பதில்: இராது. கணினியின் துணையின்றித் தனியே இயங்கும் வீட்டு சி.டி. ரெக்கார்டர்கள் அந்தக் குறியீடு உள்ள தகட்டை மட்டுமே ஏற்கும். அவற்றுக்காகச் செய்யப்பட்டது அது. கணினி டிரைவ் இரண்டையும் ஒன்றாகவே நடத்தும்.

கேள்வி: கடையில் வாங்கிய சில தகடுகளை வைத்தால் காரின் திரையில் பாட்டின் பெயர் ஓடுகிறது. நான் எழுதும் தகடுகளில் ‘டிராக் 1, டிராக் 2’ என்றுதான் வருகிறது. எங்கள் ஊர் வழக்கப்படி தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாட்டு வைத்திருக்கிறேன். பெயர் தெரிந்தால் உதவியாக இருக்கும்.
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: 1980-இன் விதிகளில் பெயருக்கு இடமில்லை. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட ‘சி.டி. டெக்ஸ்ட்’ என்ற ஏற்பாடு, உள்விளிம்பில் பயன்படாமல் கிடந்த இடத்தில் பெயர்களை எழுதி வைக்கிறது. உங்கள் மென்பொருளில் அந்தத் தேர்வைக் குறித்து, ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ வழியில் எழுதினால், அதைப் படிக்கத் தெரிந்த காரில் பெயர் ஓடும். ஆனால் அந்த ஏற்பாட்டில் இலத்தீன், ஜப்பானிய எழுத்துகளுக்குத்தான் வழி செய்திருக்கிறார்கள். நம் மூன்று மொழிகளில் எதன் எழுத்தும் அதில் ஏறாது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். பெயரை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: மாம்பழ லோடு ஏற்றும் வண்டி வைத்திருக்கிறேன். எழுதிய தகடுகள் இரண்டு கோடை தாண்டினால் திக்குகின்றன. கடையில் வாங்கியவை அப்படியே இருக்கின்றன. குறைந்த வேகத்தில் எழுதினால் நிலைக்குமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: கடைத் தகட்டில் பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே அச்சாக வார்க்கப்பட்டிருக்கின்றன. நாம் எழுதும் தகட்டில் பள்ளமே கிடையாது. ஒரு சாயப் படலத்தை லேசர் சூட்டால் மாற்றிக் குறியிடுகிறோம். வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்ல வெளிறச் செய்கின்றன. கண்ணாடி மூடிய வண்டியின் முகப்பில் சித்திரை வெயிலில் கிடக்கும் தகட்டுக்கு எந்த வேகத்தில் எழுதியிருந்தாலும் அதே கதிதான்.

வேகத்தைப் பொறுத்தவரை, மிகக் குறைந்ததே சிறந்தது என்பது பழைய நம்பிக்கை. இன்றைய தகடுகளின் சாயம் அதிவேகத்துக்கென்றே செய்யப்படுவதால், தகட்டில் அச்சிட்ட உச்ச வேகத்தையும் விடுத்து, அடிமட்ட வேகத்தையும் விடுத்து, இடையில், பாடும் வேகத்தைப்போல் 16 மடங்கு போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 80 நிமிடத் தகடு ஐந்தாறு நிமிடத்தில் எழுதப்பட்டுவிடும்.

தகட்டின் மேல்பக்கத்தைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். ஒளி திருப்பும் படலம் அச்சிட்ட பக்கத்துக்கு அடியிலேயே, மெல்லிய பூச்சின் கீழ் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினால் அது கீறிப்போகும். காகிதம் ஒட்டினால் வெயிலில் பசை இளகித் தகடு வளையும். தகட்டில் எழுதுவதற்கென்றே விற்கும் மென்முனைப் பேனாவால், நடுத் துளையைச் சுற்றியுள்ள ஒளி ஊடுருவும் வளையத்தில் மட்டும் எழுதுங்கள். வண்டியில் இருக்கும்போது தகட்டை உறையிலிட்டு இருக்கைக்குக் கீழே வையுங்கள். அதே தகட்டின் இன்னொரு நகலை வீட்டில் நிழலில் வைத்திருந்து, கோடைக்கு ஒருமுறை அதிலிருந்து வண்டிக்குப் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.